விற்ற பார்சல் வழியில் தொலைந்தால்: யு.எஸ்.பி.எஸ் இன்சூரன்ஸ் பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் வீட்டில் இருந்தபடியே ஈபே, எட்ஸி தளங்களில் புடவை, பித்தளை விளக்கு, கொலு பொம்மை, பழைய நாணயம் என்று விற்கும் தமிழர்கள் நிறையப் பேர். பார்சல் பெரும்பாலும் யு.எஸ்.பி.எஸ், அதாவது அமெரிக்கத் தபால் துறை வழியாகத்தான் போகிறது. பத்திரமாகப் போய்ச் சேரும் வரை யாரும் இன்சூரன்ஸைப் பற்றி நினைப்பதில்லை. தொலைந்த பிறகு நினைக்கும்போது ரசீது இருக்காது, அல்லது கெடு தாண்டியிருக்கும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிடலாம். தபால் இன்சூரன்ஸ் விற்பவரின் நஷ்டத்தை ஈடுகட்டத்தான். "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் உங்களுக்குத் தருகிறேன்" என்று வாங்கியவரிடம் சொல்லிக் காத்திருக்க வைத்தால், ஈபேயில் அவர் திறக்கும் கேஸ் (புகார்) உங்களுக்கு எதிராகத்தான் முடியும். அவருக்கு நீங்கள் தர வேண்டியது ஒரு கணக்கு. தபால் துறை உங்களுக்குத் தர வேண்டியது வேறு கணக்கு. இரண்டுக்கும் கெடு வேறு, கேட்கும் காகிதம் வேறு. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் கலக்காமல் நடத்துவதற்காகத்தான்.

உங்கள் பார்சலுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

நிறையப் பேருக்குத் தெரியாமலேயே இருக்கிறது. கிரவுண்ட் அட்வான்டேஜ், பிரையாரிட்டி மெயில், பிரையாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸ் என்ற யு.எஸ்.பி.எஸ் பார்சல் சேவைகள் மூன்றிலும் 100 டாலர் வரையிலான இன்சூரன்ஸ் கட்டணத்திலேயே அடக்கம். 2023 ஜூலையில் கிரவுண்ட் அட்வான்டேஜ் வந்தபோது பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் சேவை அதில் கலந்துவிட்டது. பழைய சேவையில் சின்னப் பார்சலுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று பழகியவர்கள் இன்றும் 40 டாலர் பொருள் தொலைந்தால் கைகழுவிவிடுகிறார்கள். அந்த 40 டாலரைக் கேட்க இன்று உங்களுக்கு உரிமை உண்டு, க்ளைம் (இழப்பீட்டு மனு) போடக் கட்டணமும் இல்லை.

மீடியா மெயில் அப்படியல்ல. புத்தகம் அனுப்பக் கட்டணம் குறைவு, ஆனால் இன்சூரன்ஸ் தானாக வராது, தனியாக வாங்க வேண்டும். சாதாரணக் கவரில் தபால்தலை ஒட்டி அனுப்பிய நாணயத்துக்கோ, விளையாட்டு அட்டைக்கோ டிராக்கிங்கும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது.

100 டாலருக்கு மேல் மதிப்பென்றால் லேபிள் வாங்கும்போதே கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். உச்சவரம்பு 5,000 டாலர். 500 டாலருக்கு மேல் எடுத்தால் பார்சலைப் பெறுபவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தங்க நகை போன்றவற்றுக்கு ரெஜிஸ்டர்டு மெயில் இருக்கிறது. அதில் 50,000 டாலர் வரை எடுக்கலாம், ஆனால் பார்சல் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகரும், எனவே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

கூடுதலாக எடுத்துவிட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 150 டாலர் புடவைக்கு 400 டாலருக்கு இன்சூரன்ஸ் எடுத்தாலும் கைக்கு வருவது நிரூபித்த மதிப்பு மட்டுமே. குறைத்து எடுத்திருந்தால் எடுத்த தொகையோடு நின்றுவிடும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ஈபேயில் லேபிள் வாங்கும்போது "கூடுதல் பாதுகாப்பு" என்று ஒரு பெட்டியில் டிக் செய்கிறீர்களே, அது ஷிப்கவர் என்ற தனியார் இன்சூரன்ஸ். தபால் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லேபிள் விற்கும் மற்ற தளங்களிலும் 100 டாலருக்கு மேற்பட்ட பாதுகாப்பு பெரும்பாலும் தனியார் நிறுவனத்தினுடையதுதான். அங்கே எடுத்திருந்தால் அவர்களுடைய படிவம், அவர்களுடைய கெடு. கீழே சொல்லும் 15 நாள், 60 நாள் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்திலும் முழுத் தொகை வாங்கக் கூடாது. அது மோசடிக் கணக்கில் சேரும்.

அனுப்பும் நாளிலேயே முடிக்க வேண்டியவை

க்ளைம் மறுக்கப்படுவதற்கான காரணங்களில் பாதி இந்த நாளில்தான் உருவாகிறது.

பார்சலைத் தபால் துறை வாங்கிக்கொண்டது என்பதற்கு ஒரு ஸ்கேன் வேண்டும். வீட்டில் லேபிள் அச்சடித்து, ஒட்டி, தெருமுனை நீலப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவது வசதிதான். ஆனால் அந்தப் பார்சல் முதல் ஸ்கேனுக்கு முன்பே காணாமல் போனால் டிராக்கிங்கில் "லேபிள் கிரியேட்டட்" என்ற ஒரு வரிதான் கடைசி வரை நிற்கும். லேபிள் அச்சடித்ததற்குத்தான் அது சாட்சி, பார்சல் கொடுத்ததற்கு அல்ல. அந்த க்ளைம் நிற்காது. விலை அதிகமான பொருளைக் கவுண்டரில் கொடுத்து, "அக்செப்டன்ஸ் ஸ்கேன் ரசீது வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். வரிசையில் நிற்கும் பத்து நிமிடம்தான் செலவு. ஒரே நாளில் பத்து, இருபது பார்சல் அனுப்புபவர்கள் ஸ்கேன் ஃபார்ம் எனப்படும் 5630-ஆம் எண் படிவத்தை லேபிள் தளத்திலேயே அச்சடித்துக்கொள்ளலாம். தபால்காரர் அதிலுள்ள ஒரே பார்கோடை ஸ்கேன் செய்தால் எல்லாப் பார்சலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதிவாகும்.

ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள். தபால் நிலைய ரசீது வெப்பக் காகிதத்தில் அச்சாவது. காரிலோ ஜன்னலோரத்திலோ கிடந்தால் எழுத்து மங்கிவிடும்.

பெட்டியை மூடுவதற்கு முன்பு பொருளையும், மூடிய பிறகு லேபிளோடு பெட்டியையும் படம் எடுங்கள். பெட்டிக்குள் அனுப்புநர், பெறுநர் முகவரியும் பொருளின் பெயரும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் போடுங்கள். பலரும் இதைத் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறார்கள். தொலைந்துபோகும் பார்சல்களில் பல உண்மையில் திருட்டுப் போவதில்லை. வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் லேபிள் கிழிந்து, யாருடையது என்று தெரியாமல் அட்லாண்டாவில் இருக்கும் மெயில் ரிகவரி சென்டருக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் அந்தத் துண்டுக் காகிதம் பட்டால் பொருள் திரும்பி வர வழி பிறக்கும். இல்லாவிட்டால் கடைசியில் ஏலத்துக்குப் போகும்.

டிராக்கிங் சொல்வது என்ன?

"இன் டிரான்சிட், அரைவிங் லேட்" என்று வந்தவுடன் தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம். அடுத்த ஸ்கேன் எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை என்பதைக் கணினி தானாகச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆறு, ஏழு நாள் கழித்து எதுவும் நடக்காததுபோல் போய்ச் சேரும் பார்சல்கள் ஏராளம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இது சர்வ சாதாரணம்.

கவனிக்க வேண்டியது கடைசியாக உண்மையில் எந்த ஊரில், எந்த நாளில் ஸ்கேன் ஆனது என்பதைத்தான். அதற்குப் பிறகு ஒரே வாசகம் தினமும் திரும்பத் திரும்ப வந்தால் பார்சல் அசையவில்லை என்று பொருள். ஒரே ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் மாறி மாறி ஸ்கேன் ஆனால் பார்கோடில் ஏதோ கோளாறு. அது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

"டெலிவர்டு" என்று வந்து, வாங்கியவர் "வரவில்லை" என்றால் அது வேறு வழக்கு. தபால் துறையைப் பொறுத்தவரை தன் வேலை முடிந்தது. வாசலில் இருந்து யாராவது எடுத்துப் போயிருந்தால் இன்சூரன்ஸ் தராது. அது தபால் குற்றங்களை விசாரிக்கும் போஸ்டல் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸிடமும் உள்ளூர்ப் போலீஸிடமும் போக வேண்டிய புகார். ஆனால் தபால்காரர் கையில் இருக்கும் ஸ்கேனர், டெலிவரி எந்த இடத்தில் பதிவானது என்று ஜிபிஎஸ் குறிப்பையும் சேர்த்தே வைக்கிறது. வாங்கியவர் தன் பகுதித் தபால் நிலையத்துக்கு நேரில் போய், அந்த இடம் தன் வீடுதானா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். போனில் கேட்டால் பலன் குறைவு. பக்கத்துத் தெருவில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் பல சமயம் தபால்காரரே போய் எடுத்துவந்து தருவார். எடுக்க முடியவில்லை என்றால், தவறான முகவரியில் கொடுக்கப்பட்டதாக அந்த நிலையத்திடம் எழுத்தில் வாங்க முயலுங்கள். மறுப்பு வந்த பிறகு அப்பீலில் அது ஒன்றுதான் உதவும்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. டிராக்கிங் சரியான முகவரிப் பகுதியில் டெலிவரி காட்டினால் ஈபேயின் "பொருள் வரவில்லை" கேஸில் பொதுவாக விற்பவர் பக்கம்தான் முடிவாகும். ஆர்டர் தொகை 750 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் கையெழுத்துப் பதிவும் காட்ட வேண்டும். அந்த விலைக்கு விற்பவர்கள் சிக்னேச்சர் கன்ஃபர்மேஷன் இல்லாமல் அனுப்பவே கூடாது.

இரண்டு கடிகாரங்கள்

மார்ச் 3 அன்று 180 டாலர் விலையில் ஒரு புடவையை 200 டாலர் தபால் இன்சூரன்ஸோடு கிரவுண்ட் அட்வான்டேஜில் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். மார்ச் 8-க்குள் வரும் என்று ஈபே வாங்கியவரிடம் சொல்லியிருக்கிறது. வரவில்லை. அவர் மார்ச் 10 அன்று கேஸ் திறக்கிறார். பதில் சொல்ல உங்களுக்கு மூன்று வேலை நாள். அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் அவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம், ஈபே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

தபால் துறையோ, அனுப்பிய நாளிலிருந்து 15 நாள் ஆகாமல் தொலைந்த பார்சலுக்கு க்ளைம் வாங்காது. அதாவது மார்ச் 18-க்கு முன்னால் உங்களால் படிவமே போட முடியாது. ரீஃபண்ட் முதலில், இன்சூரன்ஸ் பிறகு என்பது இதனால்தான். இதை எதிர்த்துப் பயனில்லை. 180 டாலரைச் சில வாரம் கையிலிருந்து போட்டுச் சமாளிக்க முடியாதவர்கள் அந்த விலைக்குப் பொருள் விற்கும்போது யோசிக்க வேண்டும்.

கேஸ் திறக்கும் முன் வாங்கியவர் சாதாரணமாக விசாரித்தால், நேராகப் பேசிவிடுவது நல்லது: "பார்சல் மார்ச் 5 அன்று கடைசியாக மெம்பிஸில் ஸ்கேன் ஆகியிருக்கிறது. தபால் துறையிடம் உதவி கேட்டிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள் நகரவில்லை என்றால் முழுப் பணத்தையும் திருப்பிவிடுகிறேன். அதற்குப் பிறகு பார்சல் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்." தேதி குறிப்பிட்டுச் சொன்னால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். எடுத்தால், அவரே ஒரு க்ளைம் போட்டுவிடவும் வாய்ப்பு இருக்கிறது. அனுப்பியவர், பெறுபவர் இருவரில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதுதான் விதி, ஆனால் ஒரு பார்சலுக்குப் பணம் ஒருவருக்குத்தான்.

கடைசிக் கெடு 60 நாள். மேலே சொன்ன பார்சலுக்கு மே 2. எக்ஸ்பிரஸ் மெயிலுக்கு 7-ஆம் நாளிலேயே போடலாம், கடைசிக் கெடு அதே 60 நாள். ராணுவ முகவரிகளான ஏபிஓ, எஃப்பிஓ பார்சல்களுக்குக் காத்திருப்பு 45 நாள், கெடு ஒரு வருடம் வரை நீளும். உடைந்து வந்தாலோ, கவர் கிழிந்து உள்ளே ஒன்றுமில்லாமல் வந்தாலோ 15 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே போடலாம், ஆனால் அந்தப் பெட்டியையும் உறையையும் குப்பையில் போடாமல் வாங்கியவர் வைத்திருக்க வேண்டும். தபால் துறை பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும்.

60 நாள் தாராளம்போல் தெரியும். ஆனால் பேபால் வழியாகப் பணம் செலுத்தியவர் அங்கே 180 நாள் வரை புகார் செய்யலாம். மூன்றாம் மாதம் ஒருவர் "வரவே இல்லை" என்று எழுப்பினால் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருக்கும், தபால் துறையிடம் கேட்க முடியாது. அதனால் வாங்கியவர் புகார் சொல்லட்டும் என்று இருக்காதீர்கள். வாரம் ஒரு நாள், டெலிவரி ஆகாத டிராக்கிங் எண்களை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

தேடச் சொல்லும் மனு

க்ளைமுக்கு முன் இரண்டு படி உண்டு. முதலில் யு.எஸ்.பி.எஸ் இணையதளத்தில் உதவி கேட்கும் படிவம். இது பெறுநர் பகுதித் தபால் நிலையத்துக்குப் போகும். பார்சல் அங்கேயே ஒரு மூலையில் கிடந்தால் இதிலேயே கிடைத்துவிடும். அதில் பலன் இல்லை, அனுப்பி ஏழு வேலை நாளும் ஆகிவிட்டது என்றால் மிஸ்ஸிங் மெயில் தேடல் மனு.

இந்த மனுவில் பொருளை வர்ணிக்கும் இடம்தான் உயிர். "புடவை" என்று மட்டும் எழுதினால் தேடுபவருக்கு ஒன்றும் புரியாது. அமெரிக்க ஊழியர் பெட்டியைத் திறந்தால் கண்ணில் என்ன படும் என்று யோசித்து எழுத வேண்டும்: "சுமார் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள மடித்த பட்டுத் துணி, அரக்கு நிறம், ஓரத்தில் பச்சைக் கரையில் தங்க நிற மயில் உருவம், தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள், வெளியே 12-க்கு 9 அங்குலப் பழுப்புப் பெட்டி, மூடியில் நீல டேப்." படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பும்போது இந்தத் தரத்தில் எழுதுங்கள். முன்பே எடுத்த படங்களையும் இணையுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு என்றால் உயரம், எடை, எத்தனை துண்டாகக் கழற்றி வைத்தீர்கள் என்பதும் வேண்டும்.

தேடல் மனு போட்டதால் க்ளைம் போட்டதாக ஆகாது. இரண்டும் தனித்தனி. தேடல் முடிவுக்காகக் காத்திருந்து 60 நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. 15-ஆம் நாள் வந்ததும் க்ளைமையும் போட்டுவிடுங்கள்.

க்ளைம் போடுவது

யு.எஸ்.பி.எஸ் கணக்கு ஒன்று வேண்டும், இலவசம்தான். கணக்கிலுள்ள முகவரி இன்றைய முகவரியா என்று முதலில் பாருங்கள். பணம் காசோலையாக வீட்டுக்கு வரும். வீடு மாறிய பிறகு பழைய முகவரிக்குப் போன காசோலையைத் தேடுவது இன்னொரு தலைவலி. கணினி வசதி இல்லாதவர்கள் 1000-ஆம் எண் படிவத்தை வரவழைத்துத் தபாலில் அனுப்பலாம், மெதுவாகத்தான் நகரும்.

இணையத்தில் டிராக்கிங் எண், அனுப்பிய தேதி, அனுப்புநர், பெறுநர் முகவரி கேட்கும். தேதி ஏற்றுக்கொண்ட ஸ்கேனுடன் பொருந்த வேண்டும். வெள்ளிக்கிழமை லேபிள் அச்சடித்துத் திங்கள்கிழமை கொடுத்திருந்தால் திங்கள்கிழமையைப் போடுங்கள்.

பிறகு இழப்பின் வகை. "லாஸ்ட்" (தொலைந்தது) என்பதும் உள்ளே பொருள் இல்லாமல் வந்தது என்பதும் வேறு வேறு. மாற்றித் தேர்ந்தெடுத்தால் கேட்கும் ஆதாரமும் மாறும், மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆதாரம் இரண்டு வகை. ஒன்று இன்சூரன்ஸ் இருந்ததற்கு: தபால் நிலைய ரசீது, அல்லது லேபிள் வாங்கிய தளத்தில் சேவையின் பெயரும் கட்டணமும் தெரியும் பக்கம். மற்றது பொருளின் மதிப்புக்கு. பெரும்பாலோர் இடறி விழுவது இந்த இரண்டாவதில்.

விற்பனைப் பட்டியலின் பக்கம் மதிப்புக்கு ஆதாரம் ஆகாது. 180 டாலர் என்று நீங்கள் விலை போட்டதைத்தான் அது காட்டும், யாரோ கொடுத்ததை அல்ல. தேவைப்படுவது முடிந்துபோன பரிவர்த்தனையின் பக்கம். அதில் ஐந்து விஷயம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும்: வாங்கியவர் யார், விற்றவர் யார், பொருள் என்ன, கொடுத்த விலை எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் செலுத்தி முடிந்தது. ஈபேயின் ஆர்டர் விவரப் பக்கத்தில் இது பெரும்பாலும் முழுதாகவே கிடைக்கும். கைபேசியில் எடுத்த பாதி ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கணினியில் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். விலைக்கும் பணம் செலுத்தியதற்கும் தனித்தனிப் பக்கம் இருந்தால் இரண்டையும் ஏற்றுங்கள்.

ரீஃபண்ட் கொடுத்த பிறகு அதே பக்கத்தைப் பார்த்தால் "ரீஃபண்டட்" என்று மாறியிருக்கும், சில இடங்களில் தொகை பூஜ்ஜியமாகவும் தெரியும். அதனால் ரீஃபண்ட் பட்டனை அழுத்தும் முன்பே பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். பிறகு ரீஃபண்ட் கொடுத்த பக்கத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள். நஷ்டம் உங்களுடையது என்பதற்கு அது சாட்சி.

ஒரே பெட்டியில் மூன்று ஆர்டர் போயிருந்தால் மூன்றின் பக்கமும் வேண்டும். மொத்தத் தொகை ஒரு வரியாக எழுதாமல் பொருள்வாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

கைவேலைப் பொருளுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். நீங்களே செய்த குரோஷே பையையோ தஞ்சாவூர் ஓவியத்தையோ 100 டாலருக்குள் விற்று, ரசீது இல்லை என்றால், உங்கள் எழுத்துமூல அறிக்கையை ஏற்பார்கள். அதில் மூலப்பொருளின் விலை இருக்க வேண்டும், செய்யச் செலவான உங்கள் நேரத்துக்குத் தொகை கிடையாது. பலகை, துணி, சுக்கான் பொடி, தங்கத்தாள், கல் என்று ஒவ்வொன்றுக்கும் வாங்கிய ரசீது இருந்தால் சேர்த்துவிடுங்கள். ஆனால் பணம் செலுத்திய ஆர்டர் பக்கம் இருந்தால் அதுவே வலுவானது, அதை முன்னால் வையுங்கள். பழைய, உபயோகித்த பொருளுக்குக் கிடைப்பது அனுப்பிய நாளில் அதன் உண்மை மதிப்பு. பாட்டி வைத்திருந்த வெற்றிலைப் பெட்டி என்பதற்காகக் கூடுதல் தொகை கிடையாது.

தொகைக் கட்டத்தில் கொடுத்த விலையை அப்படியே எழுதுங்கள். இன்சூரன்ஸுக்காகக் கட்டிய தனிக் கட்டணம் திரும்பாது. முழுதும் தொலைந்த பார்சலுக்குத் தபால் கட்டணம் சேர்ந்து வரும். பொய்த் தொகை எழுதுவது மத்திய அரசிடம் பொய்க் கோரிக்கை வைப்பது. நாற்பது டாலருக்காக அந்த வம்பு வேண்டாம்.

அனுப்பிய பிறகு முடிவு பொதுவாக 5 முதல் 10 நாளில் வரும். ஒப்புக்கொண்டால் அதன் பிறகு 7 முதல் 10 வேலை நாளில் காசோலை. "கூடுதல் ஆவணம் தேவை" என்று வந்தால் அது மறுப்பு அல்ல. கேட்டதை மட்டும் ஏற்றுங்கள். புதிதாக இன்னொரு க்ளைம் திறக்காதீர்கள், ஒரே டிராக்கிங் எண்ணுக்கு இரண்டாவது மனு இரட்டை மனுவாகத் தள்ளப்படும்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். அதுவும் மறுக்கப்பட்டால் இன்னொரு 30 நாள். இரண்டாவது அப்பீல் கன்ஸ்யூமர் அட்வகேட் அலுவலகத்துக்குப் போகும். அதற்கு மேல் தபால் துறைக்குள் வாசல் இல்லை.

அப்பீலில் கோபத்தை எழுதிப் பயனில்லை, முதல் மனுவை அப்படியே திரும்ப எழுதியும் பயனில்லை. மறுப்புக்குச் சொன்ன ஒரு காரணத்துக்கு ஒரு புதிய காகிதம், அவ்வளவுதான் வேலை. மதிப்புக்கு ஆதாரம் போதாது என்றால் மேலே சொன்ன ஐந்து விஷயமும் உள்ள பக்கம். தபால் துறையிடம் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்றால் கவுண்டர் ரசீதோ ஸ்கேன் ஃபார்மோ. "டெலிவர்டு" என்ற காரணத்துக்கு, தவறான முகவரியில் போட்டதாகத் தபால் நிலையம் எழுதிய கடிதம். உடைந்த பொருளுக்குப் பேக்கிங் சரியில்லை என்று மறுத்தால், பெட்டியை மூடுவதற்கு முன் எடுத்த படம். கொலு பொம்மை விற்பவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் அதிகம் வரும். மண் பொம்மையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் குஷன் இருந்தது படத்தில் தெரிய வேண்டும். 60 நாள் தாண்டியதற்காக மறுத்திருந்தால் அப்பீலில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

எட்ஸியும் வெளிநாடும்

எட்ஸியில் விற்றிருந்தால் க்ளைமுக்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். 250 டாலர் வரையிலான தகுதியுள்ள ஆர்டர் தொலைந்தால், 2022 ஆகஸ்ட் முதல் நடக்கும் பர்ச்சேஸ் புரொடெக்‌ஷன் திட்டத்தில் வாங்கியவருக்கு எட்ஸியே பணம் தருகிறது, உங்கள் பணத்தைப் பிடிப்பதில்லை. சொன்ன நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டும், செல்லுபடியாகும் டிராக்கிங் இருக்க வேண்டும். அவசரப்பட்டு நீங்களாக ரீஃபண்ட் கொடுத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். வாங்கியவரைக் கேஸ் திறக்கச் சொல்லுங்கள். எட்ஸி கொடுத்துவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை, தபால் துறையிடம் கேட்கவும் ஒன்றுமில்லை.

சென்னைக்கோ டொரொண்டோவுக்கோ அனுப்பியது தொலைந்தால் நேரடியாக க்ளைம் போட முடியாது. முதலில் விசாரணை மனு, அதையும் அமெரிக்காவில் உள்ள அனுப்புநர்தான் தொடங்க வேண்டும். தபால் துறை அந்த நாட்டுத் தபால் துறையிடம் கேட்டு, பதில் வந்த பிறகே பணப் பேச்சு. மாதக் கணக்கில் ஆகும். இன்சூரன்ஸ் உள்ள பிரையாரிட்டி மெயில் இன்டர்நேஷனல் போன்ற சேவையில் அனுப்பியிருந்தால்தான் முயற்சிக்குப் பொருள் இருக்கிறது. ஃபர்ஸ்ட் கிளாஸ் இன்டர்நேஷனல் பேக்கேஜுக்கு இன்சூரன்ஸ் இல்லை.

பணம் வந்த பிறகு பார்சலும் வந்தால்

நடக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் டிராக்கிங் திடீரென்று அசையும். க்ளைம் இன்னும் பரிசீலனையில் இருந்தால் உடனே அதைத் திரும்பப் பெறுங்கள். காசோலை வந்துவிட்டது, பொருள் உங்களிடம் திரும்பி வருகிறது என்றால், தபால் துறைக்குத் தெரிவியுங்கள். பொருளை வைத்துக்கொண்டு வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டலாம், அல்லது தொகையை வைத்துக்கொண்டு பொருளை விட்டுக்கொடுக்கலாம். வாங்கியவர் கைக்குப் போயிருந்தால் அவரிடம் நாகரிகமாகக் கேளுங்கள்: வைத்துக்கொள்வதாக இருந்தால் மறுபடி பணம் அனுப்பட்டும், வேண்டாம் என்றால் திருப்பி அனுப்ப நீங்களே லேபிள் வாங்கி மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். இந்த முறை கூடுதல் இன்சூரன்ஸோடு.